லாரியோடு சரக்கு போனால்: பினாங்கில் யாரை அழைப்பது, எதை எழுதுவது, எந்தக் கெடுவைத் தவறவிடக்கூடாது

பிறையில் சரக்கு ஏற்றிய லாரி ஷா ஆலாமுக்கு வந்திருக்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. ஓட்டுநர் போனை எடுக்கவில்லை. ஜிபிஎஸ் புள்ளி நெடுஞ்சாலை ஓய்விடம் ஒன்றிலேயே நிற்கிறது. இந்த நிலையில் பல கம்பெனிகள் "ஆள் தூங்கியிருப்பார், விடியட்டும்" என்று விட்டுவிடுகின்றன. விடிவதற்குள் சரக்கு வேறு லாரிகளுக்கு மாறிவிடும், காலி டிரெய்லர் ஏதாவது தொழிற்பேட்டை ஓரத்தில் கிடக்கும்.

திருட்டு நடந்தபின் போலீஸ், காப்பீட்டு நிறுவனம், சுங்கத்துறை மூவரும் சுற்றிச் சுற்றிக் கேட்பது ஒரே கேள்விதான்: சரக்கு யார் பொறுப்பில் இருந்தபோது போனது? சரக்கு திரும்பக் கிடைப்பதும், கிடைக்காவிட்டால் பணமாவது கிடைப்பதும் அந்தக் கேள்விக்கு உங்களிடம் இருக்கும் தாள்களைப் பொறுத்தது. கீழே சொல்வதெல்லாம் அந்தத் தாள்களைக் கலையாமல் காப்பாற்றும் வழிதான்.

முதல் ஒரு மணி நேரம்

எப்போது சந்தேகப்பட வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். இரவுப் பணியில் இருக்கும் கிளார்க்கிடம் அந்த முடிவை விட்டால் அவர் முதலாளியை எழுப்பத் தயங்குவார். நடைமுறைக்கு ஒத்துவரும் விதி ஒன்று: திட்டமிடாத இடத்தில் வண்டி நின்று, 15 நிமிடத்தில் மூன்று முறை அழைத்தும் ஓட்டுநர் எடுக்காவிட்டால் அது அவசர நிலை. ஜிபிஎஸ் சமிக்ஞை சட்டென்று மறைந்தாலும் அப்படியே. சமிக்ஞையை அடைக்கும் கருவி மலிவாகக் கிடைக்கிறது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது புள்ளி காணாமல் போவதை "லைன் இல்லை" என்று தள்ளிவிடாதீர்கள்.

முதல் அழைப்பு 999. பாலாயின் (போலீஸ் நிலையத்தின்) நேரடி எண் தெரியும் என்பதற்காக அங்கே மட்டும் அழைத்து நிறுத்திக்கொள்ளாதீர்கள். வண்டி மாநில எல்லை தாண்டிப் போய்க்கொண்டிருந்தால் பினாங்கு பாலாய் ஒன்றால் தனியாக எதுவும் செய்ய முடியாது. அழைக்கும்போது இவை கையில் இருக்க வேண்டும்: பிரைம் மூவரின் (முன்னால் இழுக்கும் வண்டியின்) பதிவெண், டிரெய்லரின் பதிவெண் (இரண்டும் வேறு, பலர் ஒன்றை மட்டும் சொல்லி விடுகிறார்கள்), கன்டெய்னர் எண், வண்டியின் நிறமும் கதவில் உள்ள கம்பெனிப் பெயரும், கடைசி ஜிபிஎஸ் இடமும் நேரமும், ஓட்டுநரின் பெயரும் கைப்பேசி எண்ணும். கன்டெய்னர் எண் என்பது நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் பெட்டிக்குள் ஒரு சரிபார்ப்பு இலக்கம். அந்தக் கடைசி இலக்கத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். நடுவில் ஒரு இலக்கம் மாறியிருந்தால் அதுதான் காட்டிக்கொடுக்கும்.

புள்ளி நகர்ந்துகொண்டிருந்தால் நீங்களே காரை எடுத்துக்கொண்டு பின்னால் போகாதீர்கள். உங்கள் ஜிபிஎஸ் நிறுவனத்திடம் நேரலை இணைப்பைக் கேட்டு வாங்கிப் போலீசிடம் கொடுங்கள். எஞ்சினைத் தூரத்திலிருந்து நிறுத்தும் வசதி இருந்தால் அதைப் போலீசைக் கேட்காமல் பயன்படுத்த வேண்டாம். ஓட்டுநர் உள்ளே கட்டிப்போடப்பட்டிருக்கலாம். நெடுஞ்சாலை நடுவில் 40 அடி டிரெய்லர் நின்றால் பின்னால் வருபவருக்கும் ஆபத்து.

ஓட்டுநர் கிடைத்துவிட்டால், அடிபட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் முதலில் அரசு மருத்துவமனை. அங்கே கிடைக்கும் மருத்துவ அறிக்கை பிறகு கொள்ளை வழக்குக்குச் சான்றாகும். ஆபீசில் உட்காரவைத்து நாலு பேர் குறுக்கு விசாரணை செய்வது கெடுதலைத்தான் செய்யும். பயத்தில் ஒன்று சொல்லி, பாலாயில் வேறொன்று சொல்லிவிட்டால் நிரபராதி மீதும் சந்தேகம் விழும்.

அழிந்துபோகும் சான்றுகள்

டாஷ்கேம் அட்டையில் பழைய காட்சி மேல் புதிய காட்சி தானாகப் பதியும். வண்டி கிடைத்ததும் அட்டையை வெளியே எடுத்து, உறையில் போட்டு, எடுத்தவர் பெயரும் நேரமும் எழுதி ஒட்டுங்கள். ஆபீஸ் கணினியில் செருகிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு விசாரணை அதிகாரியிடம் (ஐஓ) கையெழுத்து வாங்கிக் கொடுங்கள்.

கிடங்கு, பெட்ரோல் நிலையம், சாப்பாட்டுக் கடை ஆகியவற்றின் கேமராக்கள் சில நாட்களிலிருந்து ஒரு மாதம் வரைதான் பதிவை வைத்திருக்கும். "இந்தத் தேதி, இந்த நேரம் முதல் இந்த நேரம் வரை அழிக்காமல் வையுங்கள், போலீஸ் வந்து கேட்கும்" என்று அன்றே ஒரு கடிதம் கொடுங்கள். காட்சியை உங்களிடம் தரமாட்டார்கள், பரவாயில்லை. அழியாமல் இருந்தால் போதும்.

பலர் மறப்பது டோல் பதிவு. வண்டியின் டச் என் கோ அட்டையோ ஆர்எஃப்ஐடியோ கம்பெனிக் கணக்கில் இருந்தால் எந்த டோல் சாவடியில் எத்தனை மணிக்கு நுழைந்தது, எங்கே வெளியேறியது என்பதை நீங்களே எடுக்கலாம். ஓட்டுநர் சொல்லும் நேரமும் டோல் நேரமும் ஒத்துப்போகிறதா என்பதை ஐஓ முதலில் பார்ப்பார். டீசல் ஃபிளீட் கார்டு பதிவும் அப்படித்தான். இரண்டையும் அச்சடித்து ரிப்போர்ட்டோடு கொண்டுபோங்கள். வாட்ஸ்அப் உரையாடலை வெறும் ஸ்கிரீன்ஷாட்டாக எடுப்பதோடு நிறுத்தாமல் முழு உரையாடலையும் ஏற்றுமதி செய்து வையுங்கள்.

போலீஸ் ரிப்போர்ட்

மலேசியாவில் எந்தப் பாலாயிலும் ரிப்போர்ட் செய்யலாம். சம்பவ இடம் வேறு மாவட்டம் என்றால் அங்கே மாற்றி அனுப்புவார்கள். ஆனாலும் இடம் தெரிந்தால் அந்தப் பகுதிக்கே போவது வேகம். பாயான் லெப்பாஸ் என்றால் பாராட் டாயா மாவட்டப் போலீஸ், பிறை என்றால் செபராங் பிறை தெங்கா. ரிப்போர்ட் மலாயில் எழுதப்படும். மலாயில் தடுமாறினால், தட்டச்சு செய்ததும் ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டச் சொல்லி, எண்களை உங்கள் தாளோடு ஒத்துப் பார்த்தபிறகே கையெழுத்துப் போடுங்கள்.

இரண்டு ரிப்போர்ட் தேவை. தான் கண்டதை ஓட்டுநர் தனியாகச் சொல்ல வேண்டும். சரக்கு என்ன, மதிப்பு எவ்வளவு, யாருடையது என்பதைக் கம்பெனிப் பிரதிநிதி சொல்ல வேண்டும். ஓட்டுநருக்குச் சரக்கின் விலை தெரியாது. அவர் வாயிலிருந்து "ஏறக்குறைய 50,000 ரிங்கிட்" என்று ஒரு வரி விழுந்து, பின்னால் நீங்கள் 3 லட்சத்துக்கு இழப்பீடு கேட்டால் சர்வேயர் (இழப்பை மதிப்பிட வருபவர்) அந்த வரியைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்.

கம்பெனி ரிப்போர்ட்டில் இருக்க வேண்டியவை:

– ஏற்றிய இடம், தேதி, நேரம், ஏற்றியதைக் கண்ட ஸ்டோர்கீப்பரின் பெயர்
– டிஓ (சரக்கு ஒப்படைப்புச் சீட்டு) எண், இன்வாய்ஸ் எண், பெட்டிகள் எத்தனை, பேலட்டுகள் எத்தனை, மொத்த எடை
– வரிசை எண்கள் இருந்தால் தனித் தாளில் முழுப் பட்டியல்
– சீல் எண் (கன்டெய்னர் கதவில் மாட்டும் முத்திரைப் பூட்டின் எண்)
– மதிப்பு, அது எந்த இன்வாய்ஸின்படி என்பதோடு
– வண்டியைப் பற்றிய கடைசி உறுதியான தகவல், அது எங்கிருந்து கிடைத்தது

வரிசை எண் பட்டியலில் சோம்பல் படாதீர்கள். எண் இல்லாவிட்டால் ஒரு கடையில் அந்தப் பொருளே கிடைத்தாலும் அது உங்களுடையது என்று நிரூபிக்க வழியில்லை. எண் இல்லாத சரக்கு என்றால் லாட் எண், பெட்டியில் ஒட்டிய லேபிளின் படம், பேலட்டைச் சுற்றிய டேப்பின் நிறம் என எது இருந்தாலும் கொடுங்கள்.

யார் செய்திருப்பார் என்ற ஊகத்தை ரிப்போர்ட்டில் எழுதாதீர்கள். சந்தேகம் இருந்தால் ஐஓவிடம் வாக்குமூலத்தில் சொல்லலாம். இதில் காரியம் இருக்கிறது. கட்டடத்துக்குள் திருட்டு என்றால் தண்டனைச் சட்டம் 380, ஊழியரே திருடினால் 381, கும்பல் கொள்ளை என்றால் 395, சரக்கை ஏற்றிச் செல்லும் பொறுப்பில் இருந்தவரே கையாடினால் 407. எந்தப் பிரிவு என்று முடிவு செய்வது போலீசின் வேலை. நீங்கள் அவசரப்பட்டு "எங்கள் ஓட்டுநர்தான்" என்று எழுதிவிட்டால், சொந்த ஊழியரின் நேர்மையின்மைக்குப் பொறுப்பில்லை என்று சொல்லும் காப்பீட்டு ஆவணத்துக்கு நீங்களே கதவைத் திறந்துவிட்டவர் ஆவீர்கள். முதலில் சொன்னதில் தவறு இருந்தால் மறைக்க வேண்டாம். கூடுதல் ரிப்போர்ட் ஒன்று செய்து முதல் ரிப்போர்ட்டின் எண்ணைக் குறிப்பிட்டுத் திருத்துங்கள்.

வெளியே வரும்போது ரிப்போர்ட் பிரதி, ஐஓவின் பெயர், அவர் எண் மூன்றும் கையில் இருக்க வேண்டும். பிறகு செய்தி ஏதும் வராவிட்டால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவு உங்களுக்கு உதவும். ரிப்போர்ட் செய்து 4 வாரம் கழிந்தபின் விசாரணை நிலவரத்தை எழுத்தில் கேட்கலாம். கேட்டதிலிருந்து 2 வாரத்துக்குள் பாலாய் பொறுப்பதிகாரி பதில் தர வேண்டும். காப்பீட்டு நிறுவனமும் இந்தக் கடிதத்தைக் கேட்பதுண்டு, அதனால் நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

சீல் அப்படியே இருக்கிறது, சரக்கு குறைகிறது

லாரியோடு போவதைவிடச் சிக்கலானது இது. பட்டர்வொர்த் துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் வருகிறது, போல்ட் சீல் முழுசாக இருக்கிறது, திறந்தால் பின்வரிசைப் பெட்டிகள் இல்லை. சீல் உடையாததால் கப்பல் கம்பெனி கையை விரிக்கும். பில் ஆஃப் லேடிங்கில் (கப்பல் கம்பெனி தரும் சரக்குச் சீட்டில்) "ஏற்றியதும் எண்ணியதும் அனுப்பியவரே" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். உள்ளே என்ன இருந்தது என்று தனக்குத் தெரியாது என்பார்கள்.

சீலைத் தொடாமலே கதவைத் திறக்க முடியும் என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். சீல் மாட்டும் கைப்பிடியைக் கதவோடு பிணைக்கும் ரிவெட்டை அறுத்து, கைப்பிடியைச் சீலோடு சேர்த்தே கழற்றி, வேலை முடிந்ததும் புது ரிவெட் அடித்துப் பெயின்ட் பூசிவிடுவார்கள். ஐஎஸ்ஓ 17712 தரத்தில் 'எச்' முத்திரையுள்ள உயர்பாதுகாப்பு சீல் போட்டிருந்தாலும் இது தடுக்காது, ஏனென்றால் சீலை யாரும் உடைக்கவே இல்லை. ஆகவே வெட்டும் முன் பாருங்கள்: ரிவெட் தலைகள் ஒரே மாதிரி பழசாக இருக்கின்றனவா, ஒன்று மட்டும் பளபளக்கிறதா? கைப்பிடி, கீல் பக்கம் புதுப் பெயின்ட் வாடை அடிக்கிறதா? சீலைப் பிடித்து இழுத்துத் திருகிப் பாருங்கள்; பசை வைத்து ஒட்டியது கழன்று வரும். சீல் எண்ணைப் பில் ஆஃப் லேடிங்கோடும், துறைமுக வாசலில் ஹாலியர் (கன்டெய்னரை ஏற்றிவரும் லாரிக் கம்பெனி) வாங்கிய ஒப்படைப்புச் சீட்டோடும் ஒத்துப் பாருங்கள். வாசலில் ஒரு எண், உங்கள் கேட்டில் வேறு எண் என்றால், போனது நடுவில்தான்.

எண் ஒத்துப்போகாவிட்டால் திறக்காதீர்கள். ஹாலியரின் டிஓவில் "சீல் எண் மாறுபாடு" என்று எழுதி ஓட்டுநரின் கையெழுத்து வாங்கி, ஹாலியருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தகவல் கொடுத்து, சர்வேயர் வந்தபின் எல்லார் முன்னிலையிலும் திறவுங்கள். வெட்டிய சீலின் இரு துண்டுகளையும் பையில் போட்டு வையுங்கள். குப்பையில் போட்டால் சான்று குப்பையில் போனது போல. எந்தக் குறிப்பும் எழுதாமல் சுத்தமான டிஓவில் கையெழுத்திட்டுவிட்டால், சரக்கை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

எடையும் உதவும். ஏற்றுமதிக் கன்டெய்னர்களுக்குச் சரிபார்த்த மொத்த எடையைச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் 2016 ஜூலை முதல் உலகெங்கும் இருக்கிறது. அந்த எண்ணை அனுப்புநரிடம் வாங்கி, சந்தேகம் வந்த கன்டெய்னரைத் திறக்கும் முன் பக்கத்து எடை மேடையில் நிறுத்துங்கள். பிரைம் மூவர், டிரெய்லர் எடையைக் கழித்த பிறகு ஒன்றிரண்டு டன் குறைந்தால், அனுப்புநர் எடை போட்டபின் காணாமல் போனது என்பதற்கு அது பலமான ஆதாரம்.

போலி ஓட்டுநர்

சரியான டிஓ எண்ணோடு, கம்பெனிச் சட்டையோடு ஒருவர் வந்து சரக்கை ஏற்றிக்கொண்டு போய்விடுவார். இரண்டு மணி நேரம் கழித்து உண்மையான லாரி வரும். கத்தியும் இல்லை, உடைத்த பூட்டும் இல்லை. இது பெரும்பாலும் ஏமாற்று, தண்டனைச் சட்டம் 420. ஆனால் காப்பீட்டு ஆவணம் திருட்டை மட்டும் சொல்லி ஏமாற்றை விலக்கியிருந்தால் பணம் கிடைக்காமல் போகலாம். உங்கள் ஆவணத்தில் இந்த வரியை இன்றைக்கே தேடிப் பாருங்கள்.

தடுப்பது கஷ்டமில்லை. முந்தின நாளே லாரி எண், ஓட்டுநர் பெயர், ஒரு விடுவிப்பு எண் மூன்றையும் ஹாலியரிடமிருந்து வாங்குங்கள். வருபவர் விடுவிப்பு எண்ணைத் தானாகச் சொல்ல வேண்டும். கடைசி நேரத்தில் "ஓட்டுநர் மாறிவிட்டார்" என்று செய்தி வந்தால், அந்தச் செய்தியில் உள்ள எண்ணுக்கு அழைக்காமல் உங்கள் கோப்பில் பழையதாக இருக்கும் எண்ணுக்கு அழையுங்கள். வெள்ளிக்கிழமை மாலையும் பெருநாளுக்கு முந்தின நாளும் இப்படிச் செய்தி வந்தால் இரட்டை எச்சரிக்கை. ஏமாற்றோடு பணமும் வங்கி வழி போயிருந்தால் தேசிய மோசடி பதில் மையத்தின் 997 எண்ணுக்கு உடனே அழைத்தால் கணக்கை முடக்க வாய்ப்புண்டு.

சுங்கத்துறையை மறக்காதீர்கள்

வரி கட்டாத சரக்கு போனால் போலீஸ் ரிப்போர்ட்டோடு வேலை முடியவில்லை. பாயான் லெப்பாஸ் தடையற்ற தொழில் வட்டாரத்திலிருந்தோ, உரிமம் பெற்ற உற்பத்திக் கிடங்கிலிருந்தோ, கே8 படிவத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கோ நகரும் சரக்கு சுங்கத்துறையின் கணக்கில் இருக்கிறது. போய்ச் சேராவிட்டால் வரி கேட்டு வருவார்கள். திருட்டு என்பதாலேயே வரி தானாகத் தள்ளுபடி ஆகாது. அந்தச் சரக்கைக் கண்காணிக்கும் சுங்க நிலையத்துக்குப் போலீஸ் ரிப்போர்ட் பிரதியோடு அன்றோ மறுநாளோ எழுத்தில் தெரிவியுங்கள். உங்கள் ஃபார்வர்டிங் ஏஜெண்ட் (சுங்கத் தாள்களைக் கவனிக்கும் முகவர்) பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாமல், அவர் கொடுத்த கடிதத்தில் சுங்கத்துறையின் பெறுதல் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

காப்பீடும் கெடுக்களும்

கடல் சரக்குக் காப்பீட்டில் பரவலாகப் பயன்படும் இன்ஸ்டிடியூட் கார்கோ விதிகளில் ஏ, பி, சி என மூன்று வகை. திருட்டு 'ஏ'யில்தான் அடங்கும். பிரீமியம் குறைவு என்று பி அல்லது சி எடுத்தவர்கள், திருட்டு, களவு, சேராமை என்ற இணைப்பைத் தனியாக வாங்கியிருந்தால்தான் தப்பிப்பார்கள். லாரிக் கம்பெனியின் காப்பீடு வேறு விஷயம். அது லாரிக் கம்பெனியின் பொறுப்பைத்தான் காக்கிறது, உங்கள் சரக்கை அல்ல. அதில் "ஆளில்லாமல் நிறுத்திய வண்டி" என்ற விலக்கு அடிக்கடி இருக்கும். ஓட்டுநர் தேநீர் குடிக்கப் போனபோது வண்டி போனால் அந்த விலக்கைத்தான் காட்டுவார்கள்.

காப்பீட்டு நிறுவனத்துக்கு அன்றே தகவல். அதே நாளில் ஏற்றிச் சென்றவருக்கு ஒரு இழப்பீட்டுக் கோரிக்கைக் கடிதம். தொகை இன்னும் தெரியாவிட்டால் "தொகை பின்னர்" என்றே எழுதலாம். உங்கள் காப்பீடு முழுசாகப் பணம் கொடுக்கும் என்று நம்பி இதை விட்டுவிட்டால், ஏற்றிச் சென்றவரிடம் வசூலிக்கும் உரிமையை நீங்கள் பாழாக்கியதாகச் சொல்லி உங்கள் தொகையைக் குறைப்பார்கள். அந்த உரிமையைக் காப்பது உங்கள் கடமை என்று விதியிலேயே இருக்கிறது.

கடல் வழி என்றால், வெளியே தெரியாத குறைபாட்டை ஒப்படைத்த 3 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். வழக்குப் போடக் கெடு ஓராண்டு. விமானம் என்றால் மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி சேதத்துக்கு 14 நாள், வழக்குக்கு 2 ஆண்டு. பெட்டிகளில் சில மட்டும் குறைந்திருந்தாலும் அந்த 14 நாளுக்குள் எழுதிவிடுவதே பத்திரம். பொறுப்பின் வரம்பு ஒரு கிலோவுக்கு 22 எஸ்டிஆராக (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) இருந்து, 2024 டிசம்பர் 28 முதல் 26 ஆனது. மின்னணுச் சில்லுகளுக்கு அது சில்லறைக் காசு. அதனால்தான் தனிக் காப்பீடு வேண்டும்.

பினாங்குக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இங்கிருந்து விமானச் சரக்கு என்று போகும் பலவும் கேஎல்ஐஏ (கோலாலம்பூர் விமான நிலையம்) வரை லாரியில்தான் போகிறது. வழியில் திருட்டுப் போனால் விமான விதியா, தரைவழி விதியா? விமானத்தில் என்று பேசிவிட்டு, அனுப்பியவரின் சம்மதம் இல்லாமல் ஏற்றிச் செல்பவர் லாரிக்கு மாற்றினால், அதையும் விமானப் பயணமாகவே ஒப்பந்தம் கருதுகிறது. லாரி என்று ஏர் வேபில்லிலேயே (விமானச் சரக்குச் சீட்டிலேயே) ஒப்புக்கொண்டிருந்தால் நிலைமை வேறு. வேபில்லில் உள்ள சின்ன எழுத்துகளை வக்கீலிடம் காட்டுவதற்கு ஆகும் செலவு இந்த இடத்தில் வீண்போகாது. உள்நாட்டு லாரிப் பயணம் என்றால் டிஓவின் பின்பக்க நிபந்தனைகளைப் பாருங்கள். பொறுப்பு வரம்பும் கோரிக்கைக் கெடுவும் அங்கே அச்சாகியிருக்கும், அந்தக் கெடு சட்டம் தரும் காலத்தைவிட மிகக் குறைவாக இருக்கும்.

பின்னர் வரும் நாட்கள்

சரக்கு இணையச் சந்தையில் பாதி விலைக்குத் தென்பட்டால் வாங்குபவர்போல நடித்துப் பேசாதீர்கள். விற்பவர் உஷாராகிப் பக்கத்தை எடுத்துவிடுவார். பக்கத்தின் முகவரி, விற்பவர் பெயர், படங்கள், தேதி எல்லாவற்றையும் பதிந்து ஐஓவிடம் கொடுங்கள். செம்பு, அலுமினியம் போன்றவை என்றால் பழைய இரும்புக் கடைகளை ஐஓவுக்கு நினைவூட்டுங்கள். உரிமம் பெற்ற பழம்பொருள் வணிகர்கள் 1946ஆம் ஆண்டுச் சட்டப்படி வாங்கியதற்குப் பதிவு வைத்திருக்க வேண்டும். போலீஸ் கேட்டால் காட்ட வேண்டும். "சரக்கு எங்கே இருக்கிறது என்று தெரியும், இவ்வளவு கொடுத்தால் திருப்பித் தருகிறோம்" என்று யாராவது அழைத்தால் எண்ணையும் நேரத்தையும் குறித்துப் போலீசிடம் ஒப்படைப்பதோடு உங்கள் வேலை முடிந்தது.

சரக்கு மீட்கப்பட்டால் அது முதலில் வழக்குச் சான்றுப் பொருள். படம் எடுத்துவிட்டுச் சரக்கை விடுவிக்கும்படி ஐஓ மூலம் கேட்கலாம்; சில நேரம் ஒரு மாதிரியை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். மருந்தோ உறைந்த உணவோ என்றால் திரும்பக் கிடைத்தாலும் விற்க முடியாது. எத்தனை மணி நேரம் குளிர் இல்லாமல் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. அதை அழிக்கும் செலவையும் கோரிக்கையில் சேருங்கள். காப்பீட்டு நிறுவனம் ஏற்கெனவே பணம் கொடுத்திருந்தால், மீட்ட சரக்கில் அதற்கு உரிமை வந்துவிட்டது. பாலாயிலிருந்து அழைப்பு வந்தவுடன் லாரியை அனுப்பி எடுத்துவராமல், காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு போங்கள்.